நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதம் 6-இலிருந்து 8.7 ஆகிவிட்டது: அப்பாவின் ரத்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

குடமுருட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. கடந்த தை மாதத்தில் அவருக்குப் பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மலம் இறங்காமல் வயிறு உப்பி, இரண்டு நாள் விடாமல் வாந்தி எடுத்த நிலையில் மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நிலை என்றார்கள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் சொட்டு மருந்தும், அதையொட்டிப் பதினான்கு நாள் கேப்சிடபைன் மாத்திரையும் கொடுக்கிறார்கள். இரண்டு சுற்று முடிந்திருக்கிறது.

நான் மருத்துவம் அறிந்தவன் அல்லன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எண்களைக் கண்டால் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ரத்தத்தில் உள்ள வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையை லிம்ஃபோசைட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, விடை 5-க்கு மேல் இருந்தால் பெருங்குடல் புற்றுநோயாளிகள் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உடனே அப்பாவின் கோப்பை எடுத்துக் கணக்கிட்டேன். சேர்த்த அன்றைய அறிக்கையில் மொத்த வெள்ளணுக்கள் 10,400, நியூட்ரோஃபில் 78 விழுக்காடு, லிம்ஃபோசைட் 13, மோனோசைட் 7, ஈயோசினோஃபில் 2, தட்டணுக்கள் 4,20,000. விகிதம் சரியாக 6. சென்ற வாரம் எடுத்த அறிக்கையில் மொத்தம் 11,200. நியூட்ரோஃபில் 87, லிம்ஃபோசைட் 10, மோனோசைட் 3, ஈயோசினோஃபில் 0. விகிதம் 8.7.

கட்டியை எடுத்த பிறகும், மருந்து ஏறிய பிறகும் இந்த எண் குறையாமல் கூடியிருக்கிறது என்றால் உள்ளே நோய் வளர்கிறது என்றுதானே பொருள்? இதை மருத்துவரிடம் கேட்டபோது "அதையெல்லாம் பார்க்க வேண்டாம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மனமில்லை, வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆனால் மூன்று இரவாக எனக்குத் தூக்கம் இல்லை. இந்த விகிதம் உண்மையிலேயே ஆயுளைச் சொல்லுமா? சொல்லுமென்றால் உணவாலோ மருந்தாலோ அதைக் குறைக்க வழி உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் கடமைப்பட்டவனாக இருப்பேன்.

ஆய்வக மேசை

நண்பர் குடமுருட்டி அவர்களுக்கு வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆயுள் பற்றிய கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் வகுத்துப் பார்த்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பதை என்னால் சொல்ல முடியும். அது தெரிந்தாலே பாதி அச்சம் விலகும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். சென்ற வாரத்து ரத்தம் எந்த நாளில் எடுத்தது? சொட்டு மருந்து ஏற்றுவதற்கு முன்பா, பின்பா? பின்பு எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அறிக்கையில் நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன ஓர் எண் இருக்கிறது: ஈயோசினோஃபில் 0. நேற்று 2 இருந்தவருக்கு இன்று 0 என்று வந்தால், "ஸ்டீராய்டு ஏதாவது போட்டார்களா?" என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றும்போது வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கம். பல இடங்களில் அடுத்த இரண்டொரு நாளுக்கு மாத்திரையாகவும் தருவார்கள்.

நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். மீதிப் பாதி ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் ஓடுபவை மட்டுமே வரும். ஸ்டீராய்டு போன சில மணி நேரத்தில், சுவரில் ஒட்டியிருந்தவை பிடி விட்டு ஓட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன. எலும்பு மஜ்ஜையில் காத்திருந்தவையும் வெளியே வருகின்றன. அதே நேரத்தில் லிம்ஃபோசைட்டுகள் ரத்தத்தை விட்டு மஜ்ஜைக்கும் நிணநீர்த் திசுக்களுக்கும் ஒதுங்கிக்கொள்கின்றன. மேலே உள்ள எண் ஏறுகிறது, கீழே உள்ள எண் இறங்குகிறது. வகுத்தால் விடை எகிறாமல் என்ன செய்யும்? இதில் புற்றுநோய்க்கு எந்தப் பங்கும் இல்லை. நல்ல உடல்நலம் உள்ள எனக்கு அந்த ஊசியைப் போட்டாலும் இதே மாற்றம் தெரியும்.

இதற்கு உங்கள் அறிக்கையிலேயே சான்று இருக்கிறது. லிம்ஃபோசைட்டை மோனோசைட்டால் வகுக்கும் இன்னொரு விகிதமும் ஆய்வுகளில் பேசப்படுகிறது. அது கூடுதலாக இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்பது அதன் கணக்கு. அப்பாவுக்கு அது முதல் அறிக்கையில் 13-ஐ 7-ஆல் வகுக்க 1.9, சென்ற வாரம் 10-ஐ 3-ஆல் வகுக்க 3.3. அந்த எண்ணை நம்பினால் அவர் தேறிவருகிறார் என்றாகும். ஒரே துளி ரத்தத்தில் ஒரு விகிதம் மோசம் என்கிறது, மற்றது நலம் என்கிறது. ஸ்டீராய்டு மோனோசைட்டுகளையும் சிறிது நேரம் குறைத்துவிடும் என்பதுதான் இதற்குக் காரணம்.

முதல் அறிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடல் அடைத்து, இரண்டு நாள் வாந்தியும் வலியுமாக வந்தவரின் ரத்தம் அது. வலியிலும் நீரிழப்பிலும் உடல் தானே கார்டிசோலையும் அட்ரினலினையும் சுரக்கும். அவையும் நியூட்ரோஃபிலை ஏற்றவே செய்யும். ஆகவே அந்த 6 என்பது கட்டியின் குரல் மட்டுமன்று, அடைப்பின் குரலும் அதில் கலந்திருக்கிறது.

இன்னொன்று, எங்கள் தொழில் சார்ந்தது. பெரிய கருவிகள் ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணி விழுக்காடு தருகின்றன. சிறிய கூடங்களில் கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தீற்றி, லீஷ்மன் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் எண்ணெய் வில்லையின் கீழ் நூறு அணுக்களை மட்டும் கையால் எண்ணுவோம். நூறில் பத்து லிம்ஃபோசைட் கிடைத்தால், உண்மை மதிப்பு ஏறக்குறைய 5-க்கும் 18-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது கணிதம். மீதியில் மோனோசைட் போக நியூட்ரோஃபில் என்று வைத்தால், அப்பாவின் 8.7 என்பது 4-ஆகவும் இருக்கலாம், 18-ஆகவும் இருக்கலாம். எந்த முறையில் எண்ணினார்கள் என்று அறிக்கையின் அடியில் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

தட்டணுக்கள் 4,20,000 என்கிறீர்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு? சிவப்பணுவின் சராசரிப் பருமன் எவ்வளவு?

குடமுருட்டி

ஐயா, மிக்க நன்றி. கோப்பை மறுபடியும் முழுமையாகப் புரட்டினேன். நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. இரண்டாம் சுற்று ஏற்றிய அன்று மாலை அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்ததால் இரவு அங்கேயே வைத்திருந்து மறுநாள் காலையில் ரத்தம் எடுத்தார்கள். செவிலியர் குறிப்பேட்டில் முந்தைய நாள் காலை டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது.

வேறொன்றும் கண்டேன். முதல் சுற்றுக்கு முன், அறுவை முடிந்து ஆறாவது வாரத்தில் எடுத்த ஓர் அறிக்கை வேறு உறையில் இருந்தது. மொத்தம் 6,800, நியூட்ரோஃபில் 58, லிம்ஃபோசைட் 32, மோனோசைட் 7, ஈயோசினோஃபில் 3. விகிதம் 1.8. இதை விட்டுவிட்டு முதலையும் கடைசியையும் மட்டும் வைத்து "ஏறிவிட்டது" என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

சேர்த்த அன்று ஹீமோகுளோபின் 9.2, சராசரிப் பருமன் 71. மருத்துவர் இரும்புச்சத்து ஊசி போட்டார்.

ஆனாலும் ஒரு ஐயம் நிற்கிறது. இவ்வளவு எளிதில் ஆடும் எண் என்றால், அத்தனை ஆய்வாளர்கள் ஏன் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்?

ஆய்வக மேசை

9.2-உம் 71-உம் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான்; குடல் கட்டியிலிருந்து நாள்கணக்கில் கசிந்த ரத்தத்தால் வந்தது. இரும்பு குறைந்தாலே மஜ்ஜை தட்டணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். ஆகவே தட்டணுவையும் லிம்ஃபோசைட்டையும் வகுத்து யாராவது 310 என்று சொல்லி அச்சுறுத்தினால், அதில் ஒரு பங்கு ரத்த இழப்புக்கு உரியது என்று நினைவில் வையுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

புள்ளிக்கோலம்

நான் புள்ளியியல் கற்பிப்பவன். குடமுருட்டி அவர்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்த ஆய்வுகள் பொய் அல்ல; அவை விடை சொல்லும் வினா வேறு, மகனாக நீங்கள் கேட்கும் வினா வேறு.

வீக்கத்துக்கும், அதாவது உடலுக்குள் நடக்கும் அழற்சிக்கும், புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்ற எண்ணம் பழையது. ஜெர்மனியின் ருடால்ஃப் ஃபிர்ஹோவ் 1863-இலேயே கட்டித் திசுக்களுக்குள் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டு எழுதினார். இந்த விகிதம் மட்டும் புதியது, அதுவும் புற்றுநோயாளியின் ஆயுளைக் கணிக்கப் பிறந்ததன்று. 2001-இல் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவைச் சேர்ந்த சகோரெக் என்னும் மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளின் உடல் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பதை அளக்க எளிய வழியாக இதை முன்வைத்தார். பிறந்த இடத்திலேயே அது நெருக்கடியின் அளவுகோல்தான் என்பதை மறக்கக் கூடாது. 2005-இல் பிரிட்டனின் அறுவை மருத்துவர்கள் சிலர் பெருங்குடல் புற்றுநோயில் அறுவைக்கு முந்தைய விகிதத்தை ஆராய்ந்து 5 என்னும் எல்லையை வைத்தார்கள். நீங்கள் படித்த 5 பெரும்பாலும் அங்கிருந்து வந்ததாகவே இருக்கும். அதன் பிறகு கட்டுரைகள் மளமளவெனப் பெருகின. காரணம் எளிது: எல்லா மருத்துவமனைகளின் கோப்புகளிலும் இந்த எண்கள் ஏற்கெனவே கிடந்தன, புதிதாக ஒரு பரிசோதனையும் செய்ய வேண்டியதில்லை.

2014-இல் டொரன்டோவிலிருந்து டெம்பிள்டன் தலைமையிலான குழு 100 ஆய்வுகளை, அதாவது 40,559 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. விகிதம் கூடுதலாக உள்ளவர்களுக்கு இறப்பின் இடர் 1.81 மடங்கு என்று வந்தது. இத்தனை பேரிடம், இத்தனை வகைக் கட்டிகளில் ஒரே திசையில் வந்த முடிவைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. கட்டி தூண்டும் வீக்கத்தில் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் சுரந்து மஜ்ஜையை முடுக்குகின்றன. கூடும் நியூட்ரோஃபில்கள் புதிய ரத்தக் குழாய்கள் வளரத் துணைபோகின்றன. கட்டியை எதிர்க்க வேண்டிய லிம்ஃபோசைட்டுகளோ குறைகின்றன. உயிரியல் அளவிலும் இதற்குப் பொருள் இருக்கிறது.

இப்போது அந்த 1.81-ஐக் கணக்கர் ஒருவர் பார்க்க வேண்டிய முறையில் பார்ப்போம். விகிதம் குறைவாக உள்ள 100 பேரில் ஐந்தாண்டு கழித்து 70 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்தான், உங்கள் அப்பாவுக்கு உரியதன்று. இடர் 1.81 மடங்கானால் 70 என்பது 70-ஐ 1.81-ஆல் வகுத்த 39 ஆகிவிடாது, 0.7-ஐ 1.81 அடுக்குக்கு உயர்த்த வேண்டும், விடை 0.52. அதாவது விகிதம் கூடுதலாக உள்ள 100 பேரிலும் 52 பேர் உயிரோடு இருப்பார்கள். நோய் முதல் கட்டத்திலேயே பிடிபட்டு, 100-க்கு 90 பேர் பிழைக்கும் நிலையாக இருந்தால், கூடுதல் விகிதம் உள்ளவர்களிலும் 83 பேர் பிழைப்பார்கள். ஒரே 1.81 முதல் கணக்கில் 18 பேரின் வேறுபாடு, இரண்டாவதில் 7 பேரின் வேறுபாடு. "இடர் ஏறக்குறைய இரு மடங்கு" என்ற தலைப்பைப் படிப்பவர் மனத்தில் இந்தப் படம் எழுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இரண்டு கூட்டங்களின் சராசரி விலகி நிற்கலாம். ஆனால் கூட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்கின்றன. விகிதம் 6 உள்ள ஒருவரைத் தனியே நிறுத்தி, இவர் அந்த 52-இல் ஒருவரா 48-இல் ஒருவரா என்று கேட்டால் விகிதத்தால் விடை சொல்ல முடியாது.

இன்னும் ஒரு குறை உண்டு, என் துறையினர் உரக்கச் சொல்ல வேண்டிய குறை. அந்த 100 ஆய்வுகளில் எல்லை மதிப்பு ஒன்றாக இல்லை. 2-க்குக் கீழே வைத்தவர்களும் உண்டு, 7-க்கு மேலே வைத்தவர்களும் உண்டு. நடு மதிப்பு 4. பலர் தங்கள் தரவில் எந்த எண்ணில் வெட்டினால் வேறுபாடு பெரிதாகத் தெரிகிறதோ அந்த எண்ணைத் தேடி எடுத்து அதையே எல்லையாக வைத்தார்கள். அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடும் வேலை இது. அப்படிக் கிடைக்கும் இடர் விகிதம் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். பெரும்பாலான ஆய்வுகள் பழைய கோப்புகளைத் திரும்பிப் பார்த்தவை. வேறுபாடு தெரியாத ஆய்வுகள் இதழ் ஏறுவதும் அரிது. உடல்நலம் உள்ளவர்களுக்கே இந்த விகிதம் 0.78 முதல் 3.53 வரை இருக்கலாம் என்று 2017-இல் பெல்ஜியத்தில் 413 பேரிடம் பார்த்த ஆய்வு சொல்கிறது. அவ்வளவு அகலமான ஓடைக்குள் ஒரு கோட்டைக் கிழித்து, இந்தப் பக்கம் வாழ்வு, அந்தப் பக்கம் சாவு என்று சொல்ல முடியுமா?

அப்பாவின் மூன்று எண்களில் ஆய்வுகளோடு ஒப்பிடத் தகுந்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அந்த 1.8-ஐத்தான் காட்டுவேன். ஆனால் அதையும் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். அச்சத்துக்கு எந்த அளவுகோலோ ஆறுதலுக்கும் அதே அளவுகோல்.

வைகைக்கரை

சகோதரர் குடமுருட்டிக்கு வணக்கம். மேலே எழுதிய இருவரிடமும் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் "எண்களைப் பார்க்காதீர்கள்" என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். கண்டுபிடிப்பதற்கு நான்கைந்து மாதம் முன்பிருந்தே வயிறு உப்புசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இரண்டு முறை எடுத்த ரத்த அறிக்கையில் தட்டணுக்கள் 5,10,000, பிறகு 6,30,000. "கூடுதலாக இருந்தால் நல்லதுதானே, டெங்குவில்தானே குறையும்" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. யாரும் ஏனென்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகுதான் படித்தேன். ஹூஸ்டனில் 619 சூலகப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களில் 31 விழுக்காட்டினருக்கு நோய் கண்டறியும் வேளையிலேயே தட்டணுக்கள் 4,50,000-க்கு மேல் இருந்தன. அவர்களின் வாழ்நாள் மற்றவர்களைவிடக் குறைவாகவும் இருந்தது. கட்டி சுரக்கும் இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் தட்டணுவை வளர்க்கும் இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்கிறது. தட்டணுக்கள் பெருகி, அவை மறுபடியும் கட்டிக்கே துணை செய்கின்றன. இதைப் படித்த அன்று அந்த அறிக்கைகளை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அறுவையும் ஆறு சுற்று மருந்தும் முடிந்து ஆறாவது ஆண்டு நடக்கிறது. கூடுதல் தட்டணு உள்ளவர்களின் கூட்டத்தில்தான் அவரும் இருந்தார். புள்ளிக்கோலம் ஐயா சொன்ன கவிந்து கிடக்கும் பகுதியை நான் தினமும் வீட்டில் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்ட மற்றொன்றுக்கும் என் பட்டறிவிலிருந்து விடை சொல்கிறேன்: உணவால் இந்த எண்ணைக் குறைக்க முடியுமா? சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது ஒருவர், ரத்த அணுக்களின் விகிதத்தைச் சீராக்கும் பொடி என்று சொல்லி மாதம் நாலாயிரம் ரூபாய் வாங்கினார். மூன்று மாதம் கொடுத்தோம். மூன்றாம் மாதம் கல்லீரல் நொதிகள் ஏறி, ஒரு சுற்று மருந்து இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. பொடியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஆனால் நிறுத்தச் சொன்னார், நிறுத்தியதும் இறங்கியது. காய்ச்சல்காரரின் வெப்பமானியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் காய்ச்சல் போய்விடுமா? அருள்கூர்ந்து அந்த வழியில் போகாதீர்கள். அப்பா எதை விரும்பிச் சாப்பிடுகிறாரோ அதில் புரதம் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையோ மீனோ பருப்போ, எது இறங்குகிறதோ அது.

நள்ளிரவுப் பணி

நான் புற்றுநோய் மருத்துவப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். நோயாளியை நேரில் பார்க்காமல் சிகிச்சை பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

ரத்த அணுக்களின் எண்ணிக்கையை வைத்து நோயின் போக்கைக் கணிப்பது எங்களுக்குப் புதிதன்று. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1998-இல் 5,141 நோயாளிகளை வைத்து உருவாக்கிய கணிப்பு முறையில் உள்ள ஏழு கூறுகளில் வெள்ளணு 15,000-க்கு மேல் இருப்பதும், லிம்ஃபோசைட் 600-க்குக் கீழ் அல்லது 8 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பதும் இரண்டு. பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2009 முதல் வழங்கிவரும் கணிப்பு முறையில் நியூட்ரோஃபிலும் தட்டணுவும் இயல்பு வரம்பைத் தாண்டுவது தனித்தனிக் கூறுகள். அவற்றை நாங்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஆனால் இரண்டிலும் ஹீமோகுளோபின் உட்பட வேறு பல கூறுகளோடு சேர்ந்துதான் அவை வருகின்றன. தனியே ஒரு விகிதமாக வருவதில்லை. பெருங்குடல் புற்றுநோயின் நிலையை வகுக்கும் முறையில் இந்த விகிதத்துக்கு இடமே இல்லை. அதைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. உங்கள் மருத்துவர் ஒரு வரியில் சொன்னதன் விரிவு இதுதான்.

கிளாஸ்கோவில் உருவான வேறோர் அளவீடு எனக்கு இதைவிடப் பயன்படுகிறது. சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதா, ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பது அது. அதுவும் வீக்கத்தையே அளக்கிறது. ஆனால் ஆல்புமின் இறங்கியிருப்பதைக் கண்டால் நான் உடனே நோயாளியின் எடையைக் கேட்பேன், தட்டில் என்ன இறங்குகிறது என்று கேட்பேன், உணவியல் வல்லுநரிடம் அனுப்புவேன். அந்த எண்ணைக் கொண்டு செய்வதற்கு எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

அடுத்து வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். மருந்து ஏற்றிய முதல் வாரத்தின் இறுதியிலிருந்து இரண்டாம் வாரம் வரை நியூட்ரோஃபில்கள் கீழே இறங்கும். அப்போது மொத்த வெள்ளணு 1,400, நியூட்ரோஃபில் 35 விழுக்காடு, லிம்ஃபோசைட் 55 என்று ஓர் அறிக்கை வந்தால் விகிதம் 0.6. உங்கள் கணக்கில் அது மிக நல்ல எண். ஆனால் அந்த மனிதரின் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 490 நியூட்ரோஃபில்களே இருக்கின்றன. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அது உயிருக்கு ஆபத்தான அவசரநிலை. ஆகவே வகுப்பதை நிறுத்திவிட்டுப் பெருக்கப் பழகுங்கள்: மொத்த வெள்ளணுவை நியூட்ரோஃபில் விழுக்காட்டால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் வருவதே சிகிச்சைக் காலத்தில் நாங்கள் பார்க்கும் எண். அது 1,500-க்குக் கீழே இருந்தால் பொதுவாக அடுத்த சுற்றைத் தள்ளிவைப்போம். ஒருமுறை 101 டிகிரி காய்ச்சல் காட்டினாலோ, 100.4-க்குக் குறையாமல் ஒரு மணி நேரம் நின்றாலோ, பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வைகைக்கரை அம்மையார் சொன்னதுபோல எண்களைப் பார்க்கத்தான் வேண்டும். எந்த நாளில் எந்த எண் என்பதே முக்கியம்.

அப்பாவின் வருங்காலத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும் தாள் ஒன்று உங்கள் கோப்பிலேயே இருக்க வேண்டும். அது வெட்டியெடுத்த குடலின் திசு ஆய்வறிக்கை. கட்டி குடல் சுவரில் எந்த அடுக்கு வரை போயிருந்தது, எத்தனை நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது, வெட்டு விளிம்பு தூய்மையாக இருந்ததா, ரத்தக் குழாயிலோ நரம்பைச் சுற்றியோ அணுக்கள் தெரிந்தனவா என்பவை அதில் இருக்கும். குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. அதோடு அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த சிஇஏ (ரத்தத்தில் கட்டியைக் காட்டும் ஒரு புரதம்) அளவு. மரபணுப் பிழை திருத்தும் புரதங்கள் நான்கும் கட்டியில் இருக்கின்றனவா என்ற சோதனை நடந்ததா என்பதையும் பாருங்கள். இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். நாற்பது பேர் வெளியே நின்றாலும், எழுதிக் கொண்டுபோன நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல நேரம் இருக்கும்.

குடமுருட்டி

மருத்துவர் அம்மையாரா ஐயாவா என்று தெரியவில்லை, வணக்கமும் நன்றியும். நேற்று மூன்றாம் சுற்றுக்குப் போய் வந்தோம். இம்முறை சொட்டு மருந்துக்கு முன்பே ரத்தம் எடுத்தார்கள்: மொத்தம் 4,600, நியூட்ரோஃபில் 54. பெருக்கினால் 2,484. மருந்து ஏற்றலாம் என்றார்கள்.

திசு ஆய்வறிக்கை நான்கு பக்கம் இருந்தது. இத்தனை நாளாக அதை நான் பிரித்துப் படித்ததே இல்லை. கட்டி தசை அடுக்கைத் தாண்டி வெளிக் கொழுப்பு வரை போயிருக்கிறது, 16 கணுக்களைப் பார்த்ததில் 3-இல் நோய், விளிம்புகள் தூய்மை, நரம்பைச் சுற்றி அணுக்கள் இல்லை. சிஇஏ அறுவைக்கு முன் 14, இப்போது 2.6. இந்த நிலையில் ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாத மருந்தே போதுமானதாக இருக்கலாம், நான்காம் சுற்று முடிந்ததும் பேசுவோம் என்று மருத்துவர் சொன்னார். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2018-இல் வந்த முடிவு அதற்கு அடிப்படை என்றும் சொன்னார். நான்கு கேள்விகளை எழுதிக் கொண்டுபோனதால்தான் இதெல்லாம் கேட்க முடிந்தது.

பிழை திருத்தும் புரதங்களுக்கான சோதனை நடக்கவில்லை. கட்டியின் திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டை ஆய்வகத்தில் பத்திரமாக இருப்பதாகவும், அதிலிருந்தே செய்யலாம் என்றும் சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கட்டையை வாங்கும்போது நான் எதையெதைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆய்வக மேசை ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆய்வக மேசை

கட்டையின் மேல் உள்ள எண்ணும் திசு ஆய்வறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் முதன்மை. பல கட்டைகள் இருக்கும். கட்டி உள்ள கட்டை எது என்று நோயியல் மருத்துவரிடம் குறித்துத் தரச் சொல்லுங்கள், அதன் அருகில் இயல்பான குடல் திசுவும் இருந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். அறிக்கையின் நகல் ஒன்றைக் கூடவே வையுங்கள். மெழுகு உருகும் என்பதால் கட்டையை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். சோதனை முடிந்ததும் கட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். பின்னாளில் வேறு சோதனை தேவைப்பட்டால் அதுதான் கைகொடுக்கும்.